கேஷும் காசும் அண்ணன் தம்பியா?

சிதம்பரம் கீழவீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “கேஷா, ஜிபேவா?” எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மடியை அவிழ்த்துக்கொண்டே, “காசுதான் தம்பி, அதெல்லாம் நமக்கு வராது” என்றார். கேள்வியில் கேஷ், பதிலில் காசு. இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. சில்லறை கைமாறியது, பெரியவர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

பின்னால் நின்ற பையன் சிரித்தான். “பாத்தீங்களா சார், ரெண்டும் ஒண்ணுதான். நம்ம காசத்தான் வெள்ளக்காரன் கேஷுன்னு மாத்திட்டான்.”

இந்தச் செய்தி எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா வாயால் கேட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனது, காசு கேஷ் ஆனது என்று ஒரு பட்டியல். முதல் மூன்றும் சரி. நாலாவது பாதி சரி. தவறான பாதியைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஆனால் சரியான பாதி அதைவிடச் சுவாரஸ்யமானது. அதில் ஒரு பகுதி நடந்ததும் நம் கடலூர்க் கரையை ஒட்டித்தான்.

விருத்தாசலத்துக்காரர்கள் அறிந்த கதை ஒன்று உண்டு. சுந்தரருக்கு அங்கே இறைவன் பன்னீராயிரம் பொன் கொடுத்தார். அவ்வளவையும் வழியெல்லாம் தூக்கிச் சுமக்க முடியாது. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் பேசுகிற பேச்சுக்கு இந்தக் கதையைத்தான் மூலமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது, சுந்தரர் பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் செய்த காரியம். அதிலிருந்து ஒரு துணுக்கை மாதிரிக்கான மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. கடவுள் கொடுத்ததாக இருந்தாலும் உரைகல்லில் உரைத்துத்தான் வாங்கினார்.

சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்களுக்கும் இதே வேலைதான். ஒரு மொழியில் மூழ்கிய சொல் இன்னொரு மொழியில் மேலே வந்தது என்று யாராவது சொன்னால், ஒலி ஒத்திருக்கிறது, பொருள் ஒத்திருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. உரைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கேஷை உரைப்போம்.

லத்தீனில் கப்ஸா என்றால் பெட்டி. கையில் பிடி, உள்ளே கொள் என்ற பொருள் தரும் ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்தது. மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூல் இதன் பேத்தி; சின்னப் பெட்டி என்று பொருள். கப்ஸா இத்தாலியில் கஸ்ஸா ஆயிற்று, பிரான்சில் கெஸ் ஆயிற்று, ஸ்பெயினில் காஹா ஆயிற்று. வியாபாரிகள் பணம் போட்டுப் பூட்டும் பெட்டிக்கும் அதே பெயர். ஆங்கிலத்துக்குக் கேஷ் என்ற சொல் 1590களில் வந்து சேர்ந்தபோது அதன் பொருளும் பணப்பெட்டிதான். பிறகுதான் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு அந்தப் பெயர் போயிற்று. பெட்டியைக் காப்பவர் கேஷியர் ஆனார்.

பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் மறுபடி அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வரலாம். முதலாளி ‘கல்லாவில்’ உட்கார்ந்திருக்கிறார். கல்லா என்பது பணப்பெட்டி. இந்தியிலும் கல்லா என்றால் கடையின் பணப்பெட்டிதான். ஆனால் படம் நன்றாக ஓடினால் “தயாரிப்பாளர் நல்லா கல்லா கட்டிட்டார்” என்கிறோம். அவர் பெட்டியைக் கட்டவில்லை, பணம் சம்பாதித்தார். கஜானா காலி என்றால் பணம் இல்லை என்று பொருள். எட்டாம் வகுப்பில் ஆகுபெயர் என்று படித்தோமே, இடத்தின் பெயர் அங்கே உள்ள பொருளுக்கு ஆகி வருவது, அதுதான் இது. இலண்டன் வியாபாரிகள் கேஷுக்குச் செய்ததை நம் கடைத்தெரு கல்லாவுக்குச் செய்துகொண்டிருக்கிறது.

ஒலிக்கும் கணக்கு உண்டு. பிரெஞ்சில் ‘ஸ்’ என்று முடிந்த பல சொற்கள் ஆங்கிலத்துக்குப் போனபோது ‘ஷ்’ என்று முடிந்தன. நாயைக் கட்டும் வாருக்குப் பிரெஞ்சில் லெஸ், ஆங்கிலத்தில் லீஷ். பங்குக் கோயிலைக் குறித்த பருவாஸ் ஆங்கிலத்தில் பாரிஷ். தள்ளு என்ற பூஸே, கதவில் எழுதி ஒட்டுகிறோமே, அந்தப் புஷ். இந்த வரிசையில் கெஸ் கேஷ் ஆவது விதிப்படி நடந்த காரியம். இப்படி ஒரே மாற்றம் பல சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் மொழியியலார் உறவை நம்புவார்கள். ஒரு சொல் மட்டும் தனியாக ஒத்திருந்தால் சந்தேகப்படுவார்கள்.

கடைசியாக வயது. வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498. அதற்கு நான்கு வருடம் முன்னால், 1494இல், வெனிசில் லூக்கா பச்சோலி என்ற துறவி ஒரு கணித நூலை அச்சிட்டார். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் முதலில் விளக்கியவர் அவர். பி.காம். படித்தவர்கள் பெயரையாவது கேட்டிருப்பார்கள். அந்த நூலில் கஸ்ஸா என்பது வியாபாரியின் கைப்பணக் கணக்கு. இன்று கேஷ் அக்கவுண்ட் என்கிறோமே, அதுவேதான். கப்பல் இங்கே வருவதற்கு முன்பே அங்கே கணக்குப் புத்தகத்தில் சொல் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, கடைக்காரர் கேட்ட கேஷ் நம் காசு இல்லை. உரைகல் அப்படித்தான் சொல்கிறது.

இவ்வளவு ஒத்துப்போவது தற்செயலாக நடக்குமா என்று தோன்றும். நடக்கும். மனித வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம், மொழிகள் ஆயிரக்கணக்கில். குட்டிச் சொற்கள் அங்கங்கே முட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆங்கில ‘ஒன்’னும் நம் ‘ஒன்று’ம் எவ்வளவு நெருக்கம்! ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் இன்றும் ‘ஐன்’. பின்னோக்கிப் போகப்போக நம்மை விட்டு விலகிப்போகிறது. உண்மையான சொந்தம் என்றால் பின்னால் போகப்போக நெருங்க வேண்டும். பேருந்தில் எதிர் இருக்கையில் இருப்பவர் நம் சித்தப்பா சாயலில் இருந்தால் ஒரு புன்னகை செய்யலாம், சொத்தில் பங்கு கேட்க முடியாது.

இந்த வாதம் சிதம்பரத்துக்குப் பழகிய வாதம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1961 வரை தேவநேயப் பாவாணர் இருந்தார். ஆங்கிலம் உள்ளிட்ட மேலை மொழிச் சொற்களுக்குத் தமிழ் வேர் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அதே வளாகத்தில்தான் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் தலைமையில், ஒலி மாற்ற விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மொழியியல் வளர்ந்தது. பாவாணர் காட்டிய உறவுகள் பலவற்றை மொழியியலார் ஏற்பதில்லை. நானும் பல இடங்களில் அவரோடு போக முடியாதவன். ஆனால் ஒரு சொல்லை எடுத்து அதன் உள்ளே இத்தனை அறைகள் இருக்கின்றன என்று காட்டியவர் அவர். அந்த ஆசை இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சரி, கேஷ் போகட்டும். காசு எங்கே போயிற்று?

அது புறப்பட்ட இடத்தை முதலில் பார்க்க வேண்டும். குறுந்தொகை 67ஆம் பாட்டு அள்ளூர் நன்முல்லையார் பாடியது. ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் கவ்விக்கொண்டிருக்கிறது. புலவருக்கு அது பொற்கொல்லர் ஒருவர் புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பிடித்திருக்கும் பொற்காசு போலத் தெரிகிறது. மஞ்சளாக, உருண்டையாக, வேப்பம்பழ அளவில் இருப்பது காசு. கோப்பதற்கு அதில் துளை இருந்திருக்க வேண்டும். ஆகவே சங்ககாலக் காசு கடையில் கொடுக்கும் நாணயமாக இங்கே வரவில்லை, நகையில் கோக்கும் பொன்மணியாக வருகிறது. கல்யாண வீட்டில் பாட்டி கழுத்தில் கிடக்கும் காசுமாலையை இனி அந்தக் கண்ணோடு பாருங்கள். சொல்லின் மிகப் பழைய பொருள் அங்கே இன்னும் தொங்குகிறது.

மணி நாணயமாயிற்று, நாணயம் பொதுவாகப் பணமாயிற்று. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு எல்லாவற்றிலும் காசு உண்டு. சில ஆங்கில அகராதிகள் இதை வடமொழியில் கர்ஷம் என்ற எடைப் பெயரிலிருந்து வருவிக்கின்றன. வேப்பம்பழம் மாதிரியான மணியை நினைத்தால் எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. தமிழில் காசுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. கோவலன் கண்ணகியைப் புகழும்போது அந்தப் பொருளில்தான் அவளைக் காசில்லாதவள் என்கிறான். கையில் காசில்லாத நிலை அவர்களுக்கு மதுரைக்குப் போகும்போது வருகிறது, அது வேறு கதை. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்காதவர் நம்மில் யார்?

சோழர் காலத்தில் காசு கணக்குக்கு வந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தைக் கடன் வாங்கிய ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசென்றால் தரமும் கூடவே வரும். பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒவ்வொரு படிக்காசு கொடுத்தார் என்பது பெரியபுராணம். சம்பந்தர் காசுக்கு மட்டும் கடைத்தெருவில் வாசி பிடித்தார்கள். வாசி என்றால் மட்டமான நாணயத்தை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் வட்டம். அப்பர் காசு வட்டமில்லாமல் உடனே செலவானது, அவர் மடத்தில் சாப்பாடு முன்னதாக நடந்தது. உழவாரப் படையோடு உடலால் தொண்டு செய்தவருக்கு நல்ல காசு என்று காரணம் சொல்வார்கள். அப்பர் பிறந்த திருவாமூரும், கல்லைக் கட்டிக் கடலில் எறியப்பட்டவர் கரையேறியதாகச் சொல்லும் திருப்பாதிரிப்புலியூரும் கடலூர் மாவட்டம். எங்கள் மாவட்டத்துக்காரர் காசு செல்லும் காசு என்று இங்கே யாராவது பெருமை பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி கடற்கரை. சிதம்பரத்திலிருந்து கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை. பரங்கி என்ற சொல்லே நீண்ட பயணம் செய்தது. ஐரோப்பாவில் பிராங்க் என்ற இனத்தார் பெயர், அரபியும் பாரசீகமும் வழியாக ஃபரங்கி ஆகி, இங்கே வெள்ளைக்காரருக்குப் பொதுப்பெயர் ஆனது. போர்த்துகீசியர் இந்த ஊருக்குத் தங்கள் மொழியில் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். அவர்கள்தான் நம் காசைக் கப்பலில் ஏற்றியவர்கள்.

இந்தியக் கரையில் காசு, காசு என்று அவர்கள் காதில் விழுந்தது. அவர்கள் மொழியில் ஏற்கெனவே கைஷா என்று ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள், ஆமாம், பெட்டி. பழைய லத்தீன் கப்ஸாவின் போர்த்துகீசிய வாரிசு. புதிதாகக் கேட்ட காசைத் தெரிந்த கைஷாவின் அச்சில் ஊற்றி, அந்தச் சின்ன நாணயத்துக்கும் கைஷா என்றே எழுதினார்கள். இரண்டு கண்டத்தில் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் குடியேறின.

இது போர்த்துகீசியர் மட்டும் செய்கிற வேலை இல்லை. கடலூரின் பழைய பெயர் கூடலூர். ஆறுகள் கூடுகிற ஊர். ஆங்கிலேயர் வாயில் அது கடலோர் என்பது போல ஆயிற்று. அதைத் திரும்பத் தமிழில் சொன்னபோது, தெரிந்த சொல் ஒன்று கைகொடுத்தது. எதிரே கடல் இருக்கிறது, கடலூர் என்றால் பொருத்தமாகத்தானே இருக்கிறது? ஆறு கூடிய ஊர் கடல் ஊராகிவிட்டது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் பக்கம் இழுப்பது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம். காசு கைஷா ஆனதும் கூடலூர் கடலூர் ஆனதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம்.

போர்த்துகீசியர் கைஷாவை எடுத்துக்கொண்டு கிழக்கே போனார்கள். ஜாவா பக்கத்தில் சீனத்துச் செப்பு நாணயங்கள் புழங்கின. நடுவில் துளை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்திருப்பார்கள். அவற்றையும் கைஷா என்றார்கள். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சுந்தா நாட்டின் இந்தத் துளைக் காசு கைஷா என்ற பெயரோடு ஆங்கில வாசகர் கண்ணில் பட்டது. பிறகு ஆங்கிலத்தில் அது கேஷ் என்றே எழுதப்பட்டது. இன்றும் நாணயச் சேகரிப்பாளர்கள் சீனத்துச் சதுரத்துளை நாணயத்தைக் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். சீனர்கள் அதை அப்படி அழைத்ததே இல்லை. நம் நாணயத்தின் பெயரைப் போர்த்துகீசியர் தூக்கிக்கொண்டுபோய்ச் சீன நாணயத்துக்குச் சூட்ட, ஆங்கிலேயர் அதை உலகம் முழுக்கப் பரப்பினார்கள். சங்கப் பாட்டின் காசைப் போலவே அதுவும் நூலில் கோக்கும் காசு என்பது என்னை ஒரு நிமிடம் நிறுத்தியது. அதுவும் தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

ஆக 1590களில் ஆங்கிலத்துக்குள் இரண்டு கேஷ்கள் ஏறத்தாழ ஒன்றாக நுழைந்தன. ஒன்று பெட்டியிலிருந்து வந்த கேஷ். இன்னொன்று காசிலிருந்து வந்த கேஷ். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, இரண்டுமே பணம். ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் பள்ளியில் சேர்ந்த மாதிரி. வருகைப் பதிவேட்டில் எத்தனை குழப்பம் வந்திருக்கும்!

இரண்டாவது பையன் படித்த பள்ளி நம் கரையில்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை நிலமும் அதில் அடக்கம் என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. கோட்டைக்குப் புனித டேவிட் பெயர் வைத்தார்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே சில வருடங்களுக்கு இந்தக் கோட்டைதான். சென்னையிலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தாவும் ஒருவர்.

அந்தக் குமாஸ்தாக்களின் கணக்கு வாய்பாடு இது: 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. பணத்தை அவர்கள் ஃபனம் என்று எழுதினார்கள். எண்பது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பழைய தமிழ்ப் பின்னக் கணக்கு ஞாபகம் வந்தது. முக்கால், அரை, கால், மா, காணி என்று இறங்குமே, அதில் காணி என்பது எண்பதில் ஒன்று. பணத்தில் ஒரு காணிதான் காசு. எண்சுவடி படித்த கணக்குப்பிள்ளைக்கு இது தலைகீழ்ப் பாடம். பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய நமக்குத்தான் தலை சுற்றுகிறது.

அதே கரையில் கொஞ்ச தூரம் தெற்கே போனால் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ்காரர்கள் தங்கள் செப்பு நாணயத்தில் ‘காஸ்’ என்று பொறித்தார்கள். வடக்கே புதுச்சேரியிலும் தெற்கே காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ‘காஷ்’. புதுச்சேரி என்று தமிழ் எழுத்திலேயே பொறித்த செப்பு நாணயங்களும் அவர்கள் வெளியிட்டார்கள். ஒரு நெல் வியாபாரி புதுச்சேரியில் புறப்பட்டுத் தரங்கம்பாடி போய்ச் சேர்வதற்குள் தன் ஒரே சொல்லைப் பிரெஞ்சு, ஆங்கில, போர்த்துகீசிய, டேனிஷ் வாய்களில் கேட்டிருக்க முடியும். அவர் மட்டும் எல்லா இடத்திலும் காசு என்றே சொல்லியிருப்பார்.

இந்த இரண்டாவது கேஷின் ஒரு பெரிய குவியல் தமிழ்நாட்டுக்கு வந்து சேரவே இல்லை. சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்தில் அடிக்கச் சொன்னது. மாத்யூ போல்ட்டனின் சோஹோ தொழிற்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். இன்னொரு பக்கம் பாரசீக எழுத்து. பொருள், இருபது காஸ் நான்கு ஃபுலூஸ். அதன் கீழே ஆங்கிலத்தில் கேஷ். ஆங்கிலமும் பாரசீகமும் ஆளுக்கொரு விதமாக எழுதினாலும் இரண்டும் சொல்லவந்தது காசைத்தான். 1808 என்று பொறித்த நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் இறங்கி லட்சக்கணக்கான காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். பல இன்னும் புதுக்கருக்கோடு இருந்தன. நம் ஊர்ச் சந்தையில் உப்புக்கும் புளிக்கும் செலவாகித் தேய்ந்திருக்க வேண்டிய காசு, ஆங்கிலக் கால்வாயின் அருகே மணலுக்குள் கிடந்து இன்று சேகரிப்பாளர் கைகளில் இருக்கிறது. கடலில் போட்டதைக் கடலிலேயே எடுத்திருக்கிறார்கள். சுந்தரர் கதைக்குக் கொஞ்சம் குறைவுதான்.

1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியது. வராகனும் ஃபனமும் போனதோடு ஆங்கிலக் கணக்கில் காசும் போயிற்று. ஆனால் திருவிதாங்கூரில் நீடித்தது: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கே நாணயத்தில் ‘கேஷ்’ என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கும். 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணையும் வரை அது புழங்கியது. குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் பெட்டியைக் குடைந்தால் இன்றும் ஒன்றிரண்டு கிடைக்கலாம். புதுக்கோட்டையின் அம்மன் காசும் அப்படித்தான். பிரகதாம்பாள் உருவத்தோடு குட்டியாக இருக்கும், நவராத்திரியில் மக்களுக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்தது.

இரண்டு கேஷையும் பிரித்துக் காட்டிய அகராதிக்காரர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர். தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னெல். அவரும் ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்த ஹாப்சன் ஜாப்சன், இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களின் அகராதி, 1886இல் வந்தது. பர்னெல் அதைப் பார்க்கவில்லை, 1882லேயே இறந்துவிட்டார். அதில் கேஷ் என்ற தலைப்பின் கீழ் இருப்பது நம் காசின் கதை.

இங்கே ஒரு மூன்றாம் ஆளையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரி. ஆங்கிலத்தில் கேஷ்யூ. நம் மாவட்டத்துக்கு நல்ல காசு கொடுக்கும் பயிர் என்பதால் அதற்கும் கேஷுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிச்சு இல்லை. பிரேசில் நாட்டுத் தூப்பி மக்கள் அந்த மரத்துக்கு வைத்த பெயர் அகஜூ. போர்த்துகீசியர் கஜூ என்று கொண்டுவந்தார்கள். அதே பண்ருட்டியின் பலாவுக்கு ஆங்கிலத்தில் ஜாக் என்று பெயர். ஜாக் என்ற வெள்ளைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது மலையாளத்துச் சக்க. ஒரே சாலையோரக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் விற்கிறார்கள்: பெயர் தென் அமெரிக்காவிலிருந்து வந்த முந்திரி, பெயர் கேரளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பலா. பேரம் படிந்ததும் கடைக்கார அம்மா கை நீட்டுகிறார், “காசு குடுங்க சாமி.”

கீழவீதிப் பையனை அப்புறம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல நினைத்திருப்பது இதுதான்: தம்பி, நல்ல ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துக் கேஷ் என்ற சொல்லைப் பார். முதல் பதிவில் பெட்டி, பிரெஞ்சு, லத்தீன் என்று இருக்கும். அதோடு மூடிவிடாதே. அடுத்த பதிவுக்கு வா. சின்ன எழுத்தில் போர்த்துகீசியம் என்று போட்டிருக்கும், அதற்கும் பின்னால் தமிழ் என்று போட்டிருக்கும். அது நம்முடையது.